நிக்கிறதப் பாரு

முத்தியால்பேட்டையில் எங்கள் மாமா வீட்டில் அந்தக் கேசட்டை டெக்கில் போட்டபோது படம் கறுப்பு வெள்ளையில் வந்தது. டி.வி. கலர் டி.வி.தான். கேசட்டும் கலர் கேசட்டுதான், அட்டையில் சிவப்பும் மஞ்சளுமாக ஒருவன் சட்டையில்லாமல் நிற்கிறான். மாமா பின்னால் போய் ஒயரைப் பிடுங்கிச் செருகினார், டி.வி.யின் தலையில் ஒரு தட்டு தட்டினார், திருகிகளைத் திருகினார். ஒன்றும் நடக்கவில்லை. "பிரான்சுக்காரன் கலரு நம்ம டி.வி.க்குப் புரியாதுடா" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அவர் சொன்னது சரியென்று பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அப்போது இந்தியாவில் ஒளிபரப்பு 'பால்' முறை, பிரான்சில் 'செகாம்'. இரண்டுக்கும் படக்கோடுகள் 625தான், அதனால் உருவம் ஒழுங்காக வரும். நிறத்தை எழுதிவைக்கும் விதம் வேறு, அதனால் நிறம் மட்டும் கடலைத் தாண்டாது. பாரீசிலிருந்து லீவில் வருகிறவர்கள் பெட்டி நிறையக் கேசட் கொண்டுவந்து இறக்கிய அந்தக் காலத்துப் புதுச்சேரியில், எத்தனையோ வீடுகளில் பிரெஞ்சுப் படங்கள் இப்படிச் சாம்பல் பூசிக்கொண்டுதான் ஓடியிருக்க வேண்டும்.

திரையில் எழுத்து வந்தது: ஒப்பெராசியோன் திராகோன். ஊர் உலகமெல்லாம் 'என்டர் த டிராகன்' என்று அறிந்த படத்துக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர் அது. பேச்சும் முழுக்கப் பிரெஞ்சு. எனக்கு அப்போது பதினொன்றோ பன்னிரண்டோ வயது. தமிழ் வழிப் பள்ளி. பிரெஞ்சில் 'போன்ழூர்', 'மெர்சி' தாண்டி ஒரு சொல் தெரியாது. மாமா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். இந்தோசீனாவில் இருந்தவர், அப்புறம் அல்ஜீரியா. மாமி சைகோனில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். அடுப்படியில் நெம் பொரித்துக்கொண்டிருந்தார். அரிசித்தாளில் கறி சுற்றி எண்ணெயில் போடும் அந்த வியத்நாம் பலகாரம் எங்கள் ஊரில் சில வீடுகளில் வடை மாதிரிச் சர்வசாதாரணம்.

ஆக, நிறமில்லை, மொழியில்லை. "இன்னா சொல்றான் மாமா?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, அடிப்பேன்றான்" என்பார். நீளமாக யாராவது பேசினாலும் அதே மொழிபெயர்ப்புதான். கொஞ்ச நேரத்தில் கேட்பதை நிறுத்திவிட்டேன். அப்போதுதான் அவர், வாயில் நெம்மை மென்றபடி, நான் இன்றுவரை மறக்காத ஒன்றைச் சொன்னார்: "அவன் அடிக்கிறதப் பாக்காதடா. அத எவன் வேணா பாப்பான். நிக்கிறதப் பாரு."

புரூஸ் லீயை எப்படிப் பார்ப்பது என்று அதற்குப் பிறகு நிறையப் படித்திருக்கிறேன். இதைவிட நல்ல யோசனை கிடைக்கவில்லை.

படத்தின் தொடக்கத்தில் ஒரு பையன் வருகிறான். கோயில் மாதிரியான இடம், புல்தரை. பையன் வணங்கி நிற்கிறான். லீ அவனை உதைக்கச் சொல்கிறார். அவன் உதைக்கிறான். இது என்ன, கண்காட்சியா என்பது போல லீ நெற்றியைச் சுருக்குகிறார். மறுபடி உதைக்கச் சொல்கிறார். இந்த முறை பையன் கோபமாக உதைக்கிறான். லீ அதையும் ஏற்கவில்லை. அவர் கேட்டது உணர்ச்சி, கோபமில்லை. மூன்றாம் முறை சரியாக வருகிறது. எப்படி இருந்தது என்று கேட்டதும் பையன் மோவாயில் கைவைத்து யோசிக்க ஆரம்பிக்கிறான், தலையில் ஒரு தட்டு விழுகிறது. பிறகு நிலவைச் சுட்டும் விரல் பற்றிய அந்தப் பழைய பௌத்த உவமை. விரலையே பார்த்துக்கொண்டிருந்தால் நிலா போய்விடும். லீ விரலை உயர்த்துகிறார், பையன் விரலைப் பார்க்கிறான், இன்னொரு தட்டு. கடைசியில் பையன் கும்பிட்டுக் குனிகிறான், மண்ணைப் பார்த்தபடி. மறுபடியும் ஒரு தட்டு. எதிரில் நிற்பவன் மேலிருந்து கண்ணை எடுக்காதே, குனியும்போதும். பையன் இன்னொரு தடவை குனிகிறான். இந்த முறை தலை தாழ்கிறது, முதுகு வளைகிறது, கருவிழிகள் மட்டும் மேலே ஏறி லீயின் முகத்திலேயே நிற்கின்றன.

அந்தக் கண்கள்தான் எனக்குப் படம். இரண்டு நிமிடக் காட்சி. அடி என்று பார்த்தால் மூன்று தலைத்தட்டு. பிரெஞ்சில் கேட்டும் ஒவ்வொரு தட்டும் எதற்காக விழுந்தது என்று எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் வாத்தியார் தட்டும்போது அவ்வளவு தெளிவாகப் புரிந்ததில்லை. பையனாக நடித்த துங் வாய் பின்னாளில் ஹாங்காங் சினிமாவில் பேர்பெற்ற சண்டை இயக்குநரானார்.

ஒரு நடிகர் தன் மொழி தெரியாத தேசத்தில் ஜெயிக்கிறார் என்றால், அவர் செய்யும் காரியம் இப்படிப் பேச்சை உரித்துப் போட்டாலும் நிற்க வேண்டும். லீயின் வெற்றிக்குக் காரணமாக வேகத்தைச் சொல்வார்கள். வேகம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் வேகம் அவருக்கு அமெரிக்காவில் முதலில் தடையாகத்தான் இருந்தது. 1966இல் 'கிரீன் ஹார்னெட்' என்ற தொலைக்காட்சித் தொடரில் முகமூடி போட்ட கார் ஓட்டி கேட்டோவாக நடித்தார். அவர் கை வீசினால் காமிராவில் ஒரு மங்கல் கோடுதான் பதிந்தது. கொஞ்சம் மெதுவாக அடி என்று கேட்டுக்கொண்டார்கள். தொடர் 26 பகுதிகளோடு முடிந்தது. அதே தொடர் ஹாங்காங்கில் 'கேட்டோ ஷோ' என்று பேர் மாறி ஓடிக்கொண்டிருந்தது லீக்கு அங்கே போன பிறகுதான் தெரிந்தது. எஜமானர் பெயரில் இருந்த தொடரை ஊர்க்காரர்கள் டிரைவர் பேருக்கு மாற்றி எழுதிவிட்டார்கள்.

மெதுவாக அடி என்று சொன்னதை அவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்பதில்தான் நயம் இருக்கிறது. அடியை மெதுவாக்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. அடிக்கு முன்னும் பின்னும் ஒரு இடைவெளி வைத்தார். கண்ணுக்கு நேரம் கொடுத்தார். அடி அதே மின்னல்தான், ஆனால் மின்னலுக்கு முன் வானம் நிற்கிறது, பின்னும் நிற்கிறது. இடையில் என்ன நடந்தது என்று பார்க்கிறவன் தானே மனசுக்குள் பூர்த்தி செய்துகொள்கிறான்.

இது அவர் கண்டுபிடித்த வித்தையா? இல்லை, வீட்டுச் சொத்து. அப்பா லீ ஹோய் சுவென், கான்டனீஸ் கூத்து நடிகர். மேடையில் விதூஷக வேஷத்துக்குப் பேர்போனவர். நம் பக்கத்துக் கணக்கில் கட்டியங்காரன். அமெரிக்காவில் கூத்து ஆடப்போன இடத்தில்தான், 1940 நவம்பர் 27 அன்று, சான் பிரான்சிஸ்கோவில் இந்தப் பிள்ளை பிறந்தது. மூன்று மாதக் கைக்குழந்தையாக இருந்தபோதே ஒரு படத்தில் தலைகாட்டியாயிற்று. சீனக் கூத்தில், தாளம் ஓங்கி அறையும் இடத்தில் நடிகர் சுழன்று வந்து சட்டென்று உறைந்து நிற்பார். முகம் சபையைப் பார்க்கும். ஒரு மூச்சு நேரம். பிறகுதான் அடுத்த அசைவு.

புதுச்சேரிக்காரனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாகூர்ப் பக்கமோ விழுப்புரம் பக்கமோ விடிய விடியத் தெருக்கூத்து பார்த்தவனுக்கு இது நன்றாகத் தெரியும். 'பதினெட்டாம் போர்' நடக்கிறது. துரியோதனன் கிறிக்கி அடித்துச் சுழன்று சுழன்று வருகிறான், புழுதி கிளம்புகிறது, மிருதங்கம் தீர்மானத்தில் வந்து விழ, காலை ஊன்றி நிற்கிறான். புஜகீர்த்தி மட்டும் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது. அந்த இடத்தில்தான் கூட்டத்தில் தூங்கிக்கொண்டிருந்த கிழவர் கண்ணைத் திறப்பார். லீயின் உடம்பில் அந்த ஊன்றல் இருக்கிறது. கராத்தே படித்தவர்கள் அதை விங் சுன் என்பார்கள், இப் மேனிடம் கற்றது என்பார்கள். 1958இல் ஹாங்காங்கில் சா-சா நடனப் போட்டியில் பரிசு வாங்கியவர், அதனால்தான் அந்தக் கால் என்றும் சொல்வார்கள். எல்லாம் சரி. எனக்குத் தெரிவது கட்டியங்காரன் மகன்.

'குங் ஃபூ' என்றே பேர் வைத்த அமெரிக்கத் தொடருக்கு ஒரு வெள்ளைக்காரரை, டேவிட் காரடைனை, சீன வேஷம் கட்டி நடிக்கவைத்தார்கள். லீ அதற்கு முன்பே ஹாங்காங்கில் ரேமண்ட் சௌவின் கோல்டன் ஹார்வெஸ்ட் கம்பெனிக்குப் படம் பண்ணப் போயிருந்தார். முதல் படம் 'தி பிக் பாஸ்', 1971, தாய்லாந்தில் எடுத்தது. சின்ன பட்ஜெட். கதையும் ஒன்றும் பெரிதாக இல்லை. பனிக்கட்டி ஆலை, கட்டிக்குள் போதைப்பொருள், கேட்கப்போன தொழிலாளிகள் காணாமல் போகிறார்கள். ஆனால் லோ வெய் இயக்கிய இந்தப் படத்தில் ஒரு அழகான கஞ்சத்தனம் இருக்கிறது. கதாநாயகன் அம்மாவிடம் சண்டை போடமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு வந்தவன். கழுத்தில் அம்மா கொடுத்த பச்சைக்கல் பதக்கம். சுற்றி எல்லோரும் அடித்துக்கொள்கிறார்கள். இவன் கை துடிக்கிறது, பதக்கத்தைத் தொட்டுக்கொள்கிறான், ஒதுங்கி நிற்கிறான். கிட்டத்தட்டப் பாதிப் படம் போய்விடுகிறது. பிறகு ஒரு கைகலப்பில் அந்தப் பதக்கம் உடைகிறது.

நம் ஊர் தியேட்டர் என்றால் அந்த இடத்தில் விசில் எப்படிப் பறக்கும் என்று சொல்ல வேண்டுமா? அம்மாவுக்குக் கொடுத்த வாக்குக்காகக் கைகட்டி நிற்பவனைப் பார்த்துப் பழகியவர்கள் நாம். எம்.ஜி.ஆர். படத்தில் வில்லன் முதல் இரண்டு அடி அடிப்பான். உதட்டோரம் ரத்தம். தலைவர் புறங்கையால் துடைத்துப் பார்ப்பார், சிரிப்பார். அதற்கப்புறம்தான் சிலம்பம். லீ மூக்கைக் கட்டைவிரலால் ஒரு இழுப்பு இழுத்துவிடுவார். இரண்டும் ஒரே இலக்கணம். அதனால்தான் லீயின் ரசிகர்களுக்கு ஆங்கிலமும் தேவைப்படவில்லை, சீனமும் தேவைப்படவில்லை. 'தி பிக் பாஸ்' ஹாங்காங்கில் மட்டும் சுமார் 32 லட்சம் ஹாங்காங் டாலர் வசூலித்து அதுவரை இருந்த சாதனையை உடைத்தது. 1973 மே மாதத்தில் ஒரு வாரம் அமெரிக்க வசூல் பட்டியலில் முதல் மூன்று இடங்களிலும் ஹாங்காங் சண்டைப் படங்கள் உட்கார்ந்திருந்தன. முதலிடம் இந்தப் படத்துக்கு. தொலைக்காட்சியில் சீனன் வேண்டாம் என்ற ஊரில்.

அடுத்தது 'ஃபிஸ்ட் ஆஃப் ஃப்யூரி', 1972. பிரெஞ்சில் 'லா ஃப்யூரேர் த வேங்க்ர்'. அந்தக் கேசட்டும் மாமாவிடம் இருந்தது. ஷாங்காய் பூங்கா ஒன்றின் வாசலில் நாய்களுக்கும் சீனர்களுக்கும் அனுமதியில்லை என்று பலகை. காவலாள் தடுக்கிறான். பக்கத்தில் நின்று சிரிக்கும் ஜப்பானியன், நாய் மாதிரி நாலு காலில் நடந்தால் கூட்டிப்போகிறேன் என்கிறான். லீ அவனையும் கூட வந்தவர்களையும் கவனித்துவிட்டு, பலகையை அண்ணாந்து பார்க்கிறார். ஒரு உதை, பலகை மேலே எழும்புகிறது. அது தரைக்கு வருவதற்குள் இன்னொரு உதை, பிளந்து போகிறது.

இந்தக் காட்சி வந்தபோது மாமா நெம் தட்டைக் கீழே வைத்தார். நான் அதைக் கவனித்தேன், ஏன் என்று கேட்கவில்லை. எங்கள் ஊரே ஒரு வாய்க்காலால் இரண்டாக வகிரப்பட்டது. கடல் பக்கம் வெள்ளையர் நகரம், இந்தப் பக்கம் கறுப்பர் நகரம். அதே பிரெஞ்சுக்காரனுக்காகத் துப்பாக்கி தூக்கியவர் மாமா. அவன் கொடுக்கும் பென்ஷனில் வீடு கட்டியவர். 1962இல் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ளச் சொன்னபோது பிரான்சுக்குக் கையெழுத்துப் போட்டவர். அவருக்குள் அந்தப் பலகை எந்தப் பக்கம் விழுந்ததோ தெரியாது. கேசட்டைக் கொஞ்சம் பின்னால் ஓட்டி, பலகை உடைவதை இன்னொரு தடவை பார்த்தார்.

அந்தப் படத்தின் கடைசிச் சட்டகம் உலகப் புகழ் பெற்றது. வாசலில் துப்பாக்கிகள் குறிவைத்திருக்கின்றன. லீ ஓடிவந்து கத்தியபடி எம்பிப் பாய்கிறார். படம் அப்படியே உறைந்துவிடுகிறது, ஆள் அந்தரத்தில். வேட்டுச் சத்தம் மட்டும் கேட்கிறது. சாகிறவனைச் சாகவிடாமல் காற்றில் நிறுத்திவைத்திருக்கிறார்கள். டெக்கில் 'பாஸ்' அழுத்திவிட்டதாக நினைத்து நான் ரிமோட்டைத் தேடினேன்.

திரும்ப 'ஒப்பெராசியோன் திராகோன்' பக்கம் வருகிறேன். படமாக அது ஒன்றும் மாணிக்கம் இல்லை, சொல்லிவிட வேண்டும். ஜேம்ஸ் பாண்ட் படத்தைக் கிழித்துத் தைத்த சட்டை. தனித்தீவில் வாழும் வில்லன், கையில் வெள்ளைப் பூனை, நிலத்தடியில் போதைப்பொருள் ஆலை. ஜான் சாக்சன் வரும் சூதாட்டக் காட்சிகளில் நான் தண்ணீர் குடிக்க எழுந்து போவேன். ஜிம் கெல்லியை இன்னும் கொஞ்ச நேரம் உயிரோடு விட்டிருக்கலாம். இத்தனைக்கும் நடுவே லீ வரும் இடங்களில் மட்டும் படம் நிமிர்ந்து உட்கார்கிறது.

ஓஹாராவுடன் மோதும் இடம். லீயின் தங்கை சாவுக்குக் காரணமானவன் அவன். பாப் வால் என்ற கராத்தே வீரர் நடித்திருக்கிறார், தாடியும் தழும்புமாக. மோதலுக்கு முன் லீயின் முகத்துக்கு நேரே ஒரு பலகையைத் தூக்கிப் பிடித்துக் குத்தி உடைத்துக் காட்டுகிறான். பலகை திருப்பி அடிக்காது என்கிற மாதிரி லீ ஒரே வரியில் பதில் சொல்லிவிடுகிறார். பிறகு இருவரும் முன்கையை நீட்டி மணிக்கட்டோடு மணிக்கட்டு ஒட்டி நிற்கிறார்கள். இதைக் கூர்ந்து பார்க்க வேண்டும். விங் சுன் பயிற்சியில் இப்படிக் கை ஒட்டி நின்று எதிராளியின் எண்ணத்தைத் தோலாலேயே வாசிப்பார்கள். கண் பார்த்து மூளை சொல்லிக் கை கிளம்புவதற்குள் காரியம் முடிந்துவிடும். நிற்கிறார்கள். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் நிற்கிறார்கள். ஓஹாரா தரையில் கிடக்கிறான். எழுந்து வருகிறான், மறுபடி கை ஒட்டுகிறது, மறுபடி தரை. இன்னொரு தடவையும் அதேதான். மூன்று முறையும் லீயின் தோள் அசையவில்லை, கால் இடம் மாறியது கடைசியில்தான் தெரிகிறது. நாங்கள் கேசட்டை ஒவ்வொரு சட்டகமாக நகர்த்திப் பார்த்தோம். ஒரு சட்டகத்தில் கை ஒட்டியிருக்கிறது, சில சட்டகம் தள்ளி அடி விழுந்துவிட்டது. நடுவில் இருப்பது சாம்பல் நிறத்தில் ஒரு தீற்றல்.

அதே மோதலின் முடிவில் ஓஹாரா இரண்டு பாட்டில்களை உடைத்துக்கொண்டு வருகிறான். அது நிஜக் கண்ணாடி. படப்பிடிப்பில் லீயின் கை வெட்டுப்பட்டது. கீழே விழுந்தவன் மேல் லீ எம்பிக் குதிக்கிறார், காமிரா அவர் முகத்துக்கு வருகிறது, மெதுவோட்டத்தில். கால் மிதிப்பதைக் காட்டவில்லை. கன்னச் சதை நடுங்குகிறது, உதடு பிரிந்து ஏதோ வெளியே வரப் பார்க்கிறது, அழுகையா வெறியா என்று பிரித்துச் சொல்ல முடியாது. கொன்றதில் சந்தோஷம் துளியும் இல்லை. தங்கச்சியை இழந்தவன் முகம் அது. சண்டைப் படத்தில் அடிப்பவன் முகத்தில் இவ்வளவு வலியை அதற்கு முன் யாராவது காட்டியிருக்கிறார்களா என்று சினிமாப் பைத்தியங்களிடம் கேட்டுப் பார்த்திருக்கிறேன், நீண்ட விவாதம் நடந்திருக்கிறது, பதில் வந்ததில்லை.

இன்னொரு இடம். நிலத்தடி ஆலையில் காவலாட்களைத் தனியாளாகப் புரட்டிப் போடுகிறார். முதலில் நீளக் கழி, பிறகு இரண்டு குட்டைக் கழிகள், அதற்குப் பிறகு சங்கிலியில் கோத்த அந்த இரட்டைக் கட்டை. எங்கள் தெருவில் அந்த வருஷம் உடையாத துடைப்பக்கட்டை ஒன்றுகூட மிஞ்சவில்லை. நாய்ச் சங்கிலிக்குத் தட்டுப்பாடு. என் நெற்றியில் இடது புறம் இன்றும் ஒரு தழும்பு இருக்கிறது, எதிரியால் வந்ததல்ல. அடிவாங்கும் அந்தக் கூட்டத்தில் கழுத்து முறிக்கப்படும் ஒரு சின்னப் பையன் ஜாக்கி சான் என்பது பிற்காலத்தில் தெரிந்தது. படத்தின் முதல் மோதலில் குண்டு உடம்போடு லாகவமாகச் சுழல்பவர் சாமோ ஹங். இவை எல்லோருக்கும் தெரிந்த சங்கதிகள். நான் சொல்லவந்தது அந்த ஆலைச் சண்டைக்கு அடுத்த நொடி. லீ ஓடுகிறார், எதிரே இரும்புக் கதவு இறங்குகிறது. திரும்புகிறார், பின்னாலும் இறங்குகிறது. நாலு பக்கமும் அடைத்தாயிற்று. வேறு எந்த நாயகனாக இருந்தாலும் கதவை முட்டுவான், ஒரு கத்துக் கத்துவான். இவர் சுற்றிலும் ஒரு பார்வை பார்க்கிறார். இரட்டைக் கட்டையைத் துண்டு மாதிரிக் கழுத்தில் போட்டுக்கொள்கிறார். சம்மணம் போட்டுத் தரையில் உட்கார்ந்துவிடுகிறார்.

பந்திக்கு உட்காருகிறவன் மாதிரி. மாமா வாய்விட்டுச் சிரித்தார். "சென்ட்ரி நின்னவனுக்குத்தான்டா தெரியும், எப்ப உக்காரணும்னு."

லீ தானே எழுதி இயக்கி நடித்த 'வே ஆஃப் த டிராகன்' படத்தில்தான் இந்த நிற்றல் கலை முழுதாகக் கனிந்திருக்கிறது. 1972. ரோம் நகரத்துக்குப் போய்ச் சேரும் ஹாங்காங் கிராமத்தான் கதை. விமான நிலையத்தில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி அவரை விலங்குக் காட்சிசாலையில் பார்ப்பது போல வெறிக்கிறாள், நகரமாட்டேன் என்கிறாள். பசி. உணவகத்தில் அட்டை புரியாமல் விரலை வைத்துக் காட்டுகிறார், வரிசையாகக் கிண்ணங்கள் வருகின்றன, அத்தனையும் சூப். மானத்துக்கு அஞ்சி அத்தனையையும் குடித்து முடிக்கிறார். அப்பாவின் கட்டியங்கார ரத்தம் பேசுகிற இடம். நாற்பது வருஷம் முன்னால் முதல் தடவை பாரீஸ் போய் இறங்கிய எங்கள் ஊர்க்காரர்கள் சொல்லும் கதைகளில் பாதி இதுதான். நடுவில் ரோமாபுரியைச் சுற்றிக் காட்டும் பகுதி இழுவை, தாண்டிவிடலாம்.

கொலோசியத்தில் சக் நாரிஸுடன் சண்டை. வெளித் தோற்றம் ரோமில் எடுத்தது, மோதலின் பெரும்பகுதி ஹாங்காங் அரங்கில் செட் போட்டு எடுத்தது. இருவரும் எதிரெதிரே வந்ததும் உடனே பாயவில்லை. சட்டையைக் கழற்றுகிறார்கள். தோளைச் சுழற்றுகிறார்கள், முதுகை முறிக்கிறார்கள், விரல் மூட்டுகள் படபடவென்று நொறுங்கும் சத்தம். ஒருவர் தயாராவதை மற்றவர் காத்திருந்து பார்க்கிறார். பொங்கலன்று கிராமத்தில் சிலம்பம் சுற்றவந்த இரண்டு வாத்தியார்கள் ஒருவர் கம்பை ஒருவர் வாங்கி எடை பார்த்துக் கொடுப்பார்களே, அந்த மரியாதை. பக்கத்துச் சுவர் இடுக்கில் ஒரு பூனைக்குட்டி உட்கார்ந்திருக்கிறது. அது மியாவ் என்கிறது. சண்டை தொடங்குகிறது.

முதலில் லீ தோற்கிறார். நாரிஸ் உயரம், எடை, நெஞ்சு நிறைய மயிர். அந்த மயிரைக் கொத்தாகப் பிடுங்கி உள்ளங்கையிலிருந்து லீ ஊதிவிடுவதைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் இருக்க முடியாது. ஆனாலும் அடி வாங்குகிறார். விழுகிறார். பூனைக்குட்டி ஒரு கசங்கிய காகிதத்தோடு விளையாடிக்கொண்டிருக்கிறது. எழுந்து வரும் லீ வேறு ஆள். குதிகால் தரையில் படாமல் ஆடத் தொடங்குகிறார். சா-சா. நாரிஸ் ஊன்றி நின்றே பழகியவர், ஆடுகிறவனை எங்கே அடிப்பது என்று தெரியவில்லை. பாருங்கள், ஊன்றல்தான் லீயின் பலம் என்று இவ்வளவு நேரம் சொல்லிவந்தேன், அவரே அதைக் கலைத்துப் போட்டுவிட்டுத்தான் ஜெயிக்கிறார். என் வாதத்துக்கு இது கொஞ்சம் இடைஞ்சல்தான். இருக்கட்டும்.

நாரிஸின் கை முறிகிறது, கால் முறிகிறது. ஒற்றைக் காலில் எழுந்து நிற்கிறார். இனி ஜெயிக்க வழியில்லை என்று இருவருக்கும் தெரியும். அங்கே லீ செய்வது ஒரே ஒரு அசைவு. தலையை மெல்ல, இடமும் வலமுமாக, ஒரு முறை ஆட்டுகிறார். வேண்டாமே. போய்விடேன். கண்ணில் கெஞ்சல். நாரிஸ் ஒரு வினாடி யோசிக்கிறார், பிறகு பாய்கிறார். கழுத்து முறிந்து கிடக்கும் உடம்பின் மேல் அவருடைய கராத்தே மேல்சட்டையைக் கொண்டுவந்து போர்த்துகிறார் லீ, அதன் மேல் கறுப்புப் பட்டையை வைக்கிறார், மண்டியிடுகிறார். கொன்றவன் மண்டியிடுகிறான். வெள்ளைக்காரன் ஊரில், வெள்ளைக்காரனை வென்ற சீனனை, ரோமிலும் பாரீசிலும் வெள்ளைக்காரர்களே டிக்கெட் வாங்கி உட்கார்ந்து கைதட்டிப் பார்த்தார்களென்றால் அந்தத் தலையாட்டலுக்கும் இந்த மண்டியிடலுக்கும் அதில் பங்கு இருக்கிறது. ஜெயித்தவன் அவர்கள் மானத்தையும் சேர்த்துப் போர்த்திவிட்டுத்தான் எழுந்தான்.

'என்டர் த டிராகன்' அமெரிக்காவில் வெளியானது 1973 ஆகஸ்ட். லீ அதற்கு முந்தைய மாதம், ஜூலை 20 அன்று, ஹாங்காங்கில் மூளை வீக்கத்தால் இறந்துபோனார். வயது 32. உலகம் கதவைத் திறந்தபோது ஆள் வாசலில் இல்லை.

மாமா வீட்டுக் கேசட்டுகளில் பூஞ்சை பிடித்துவிட்டது. பிறகு வட்டுகள் வந்தன, படத்தை முழு வண்ணத்தில் பார்த்தேன். கடைசிக் கண்ணாடி அறையில், லீயின் வயிற்றில் மூன்று கீறல், ரத்தச் சிவப்பு. நான் அதுவரை அதைக் கரிக்கோடு என்று நினைத்திருந்தேன். ரத்தத்தைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கிறாரே, அது அப்போதுதான் உறைத்தது. ஆங்கிலத்தில் லீயின் சொந்தக் குரலும் கேட்டது, மென்மையாக, வார்த்தைக்கு வார்த்தை இடைவெளிவிட்டு. வில்லன் ஹானாக நடித்த ஷி கியென் வாயசைப்புக்குக் குரல் கொடுத்தது வேறொருவர், கீ லூக். எல்லாம் தெரிந்துகொண்டதில் லாபம்தான். இருந்தாலும் கண்ணை மூடினால் எனக்கு வருவது சாம்பல் நிறப் படம்தான், பின்னணியில் எண்ணெய் பொரியும் சத்தம்.

கேசட் பார்த்த அடுத்த வருஷம் ஜூலை 14ஆம் தேதி காலை, மாமா என்னைக் கடற்கரைச் சாலைக்குக் கூட்டிப்போனார். பிரெஞ்சுக்காரர்களின் தேசிய நாள். போர் நினைவுச் சின்னத்துக்கு முன்னால் சொல்தாக்கள் வரிசை கட்டி நின்றார்கள், கோட்டு போட்டு, நெஞ்சில் பதக்கம் குத்திக்கொண்டு. அந்த வெயிலில். மலர்வளையம் வைத்தார்கள், கொம்பு ஊதினார்கள், கொடி இறங்கி ஏறியது. செத்தவர்களுக்காக ஒரு நிமிடம் எல்லோரும் தலை குனிந்தார்கள். நான் கூட்டத்தில் புகுந்து மாமாவுக்கு நேர் எதிரே போய் நின்றேன். அவர் தலையும் குனிந்துதான் இருந்தது. கண் மட்டும் மேலே ஏறி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.